பரோட்டாவுக்கும் பஞ்சாப் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

விருதுநகர் வாசகி: சார், வீட்டுக்காரருக்கு சுகர் வந்ததுல இருந்து ராத்திரி சப்பாத்திதான். மாசம் பத்து கிலோ ஆட்டா ஓடுது. கோதுமை அமோக விளைச்சல்னு டிவில சொல்றாங்க, கடையில மட்டும் விலை இறங்கவே மாட்டேங்குதே, ஏன்?

டிவிக்காரன் சொல்றதும் பொய் இல்லம்மா, கடைக்காரர் சொல்றதும் பொய் இல்ல. கொஞ்சம் பின்னாடி போகணும். 2022 மார்ச் ஞாபகம் இருக்கா, 1901ல இருந்து கணக்கு வெச்சதுல இந்தியாவுக்கே ரொம்ப சூடான மார்ச் அதுதான். பஞ்சாப், ஹரியானா பக்கம் கதிர்ல பால் பிடிச்சு மணி முத்துற நேரம், அப்ப அடிச்ச வெயில்ல மணி சுருங்கிப் போச்சு. அதே சமயம் உக்ரைன் சண்டை. ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலக கோதுமை ஏற்றுமதில கால்வாசிக்கு மேல, அந்த வரத்துல தடங்கல் வந்ததும் வெளிநாட்டு விலை எகிறிடுச்சு, நம்ம வியாபாரிங்க சர்க்கார் விலைக்கு மேல குடுத்து விவசாயிகிட்ட அள்ளிட்டாங்க. முந்தின வருஷம் 433 லட்சம் டன் வாங்குன சர்க்காருக்கு அந்த வருஷம் கிடைச்சது சுமார் 188 லட்சம் டன்தான். மே 13ம் தேதி ஏற்றுமதிக்கு தடை போட்டாங்க, ஆனா சர்க்கார் குடோன்ல கோதுமை ரொம்ப கம்மின்னு மார்க்கெட்டுக்கு தெரிஞ்சதுக்கு அப்புறம் விலை யார் பேச்சைக் கேக்கும்?

அப்புறம் குடோன் கோதுமையை மில்லுங்களுக்கு ஏலம் விட்டாங்க, 2023 ஜூன்ல யாரு எவ்வளவு ஸ்டாக் வெச்சுக்கலாம்னு லிமிட் போட்டாங்க, அந்த நவம்பர்ல கிலோ 27 ரூபா 50 காசுக்கு பாரத் ஆட்டாங்கற சர்க்கார் மாவை விட்டாங்க. 2025ல விளைச்சல் 1,175 லட்சம் டன்னுக்கு மேல, அது வரைக்கும் இல்லாத ரெக்கார்ட். சரி, ஏன் பழைய விலைக்கு வரலன்னா, அடிவிலையே ஏறிடுச்சு. சர்க்காரோட ஆதரவு விலை, அதாவது விவசாயிகிட்ட சர்க்கார் வாங்குற விலை, 2022 சீசன்ல குவிண்டாலுக்கு 2,015 ரூபா, 2025 சீசன்ல 2,425. அதாவது வயல்லயே கிலோவுக்கு நாலு ரூபா கூட. அதை நான் குறை சொல்ல மாட்டேன், டீசலும் கூலியும் ஏறும்போது விவசாயி மட்டும் பழைய விலைக்கே குடுக்கணுமா என்ன. நம்ம ஊர் மில்லுக்கு வர்ற கோதுமை மத்திய பிரதேசம், ராஜஸ்தான், உ.பி.ல இருந்து வரணும், அந்த வண்டி வாடகை, அரவை, பாக்கெட், இது போக 2022 ஜூலை 18ல இருந்து லேபிள் ஒட்டுன 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி.

அதே வாசகி: அப்ப கோதுமை வாங்கி மிஷின்ல அரைச்சா லாபமா?

பத்து கிலோ ஓடுற வீட்டுக்கு லாபம்தான். உமி தூசி போக கிட்டத்தட்ட போட்ட எடை மாவா வந்துடும். ரேஷன்ல அரிசியில கொஞ்சத்துக்கு பதிலா கோதுமை தர்றாங்க, ஸ்டாக் இருக்கற அன்னைக்கு போய் வாங்கிடுங்க, கல்லு பொறுக்கி, கழுவி, நல்லா காயவெச்சு குடுத்தா சப்பாத்தி அருமையா வரும். ஒண்ணே ஒண்ணு, உங்களுக்கு முன்னாடி மிளகா அரைச்சிருந்தா வீட்டுக்கு திரும்பிடுங்க, அடுத்த நாள் போங்க. நான் ஒரு தடவை அவசரப்பட்டேன், சப்பாத்தி தின்ன மொத்த குடும்பமும் தண்ணி சொம்போட உக்காந்திருந்துச்சு. அரைச்ச மாவு கைசுட வரும், பேப்பர்ல பரப்பி ஆறவிட்டு அப்புறம் டப்பாவுல போடுங்க, இல்லன்னா வேர்த்து கட்டி பிடிச்சுக்கும்.

மதுரை வாசகர்: அண்ணே, மைதா விலை ஏறிடுச்சுன்னு எங்க தெரு கடையில பரோட்டாவுக்கு ரெண்டு ரூபா ஏத்திட்டாங்க. நியாயமா?

கணக்கு போட்டுப் பாருங்க தம்பி. ஒரு கிலோ மைதாவுல பதினஞ்சு பரோட்டாவுக்கு குறையாம வரும். மைதா கிலோவுக்கு அஞ்சு ரூபா ஏறுனாலும் ஒரு பரோட்டாவுக்கு முப்பத்தஞ்சு காசு கூட வராது. அப்ப ரெண்டு ரூபா எங்க இருந்து வந்துச்சுன்னா எண்ணெய், கேஸ், மாஸ்டர் சம்பளம். 2022ல மைதாவும் எண்ணெயும் ஒண்ணா அடிச்சுச்சு, சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் வந்தது உக்ரைன், ரஷ்யாவுல இருந்து, அந்த வரத்து தடைபட்ட நேரம் பார்த்து இந்தோனேசியா வேற ஏப்ரல் கடைசில பாமாயில் ஏற்றுமதிய மூணு வாரத்துக்கு மேல நிறுத்திடுச்சு. வீச்சு, கொத்து, எண்ணெய் பரோட்டா எல்லாத்துலயும் மைதாவை விட எண்ணெய்தான் ராஜா. ஆனா கடைக்காரர் "எண்ணெய் ஏறிடுச்சு"ன்னு சொன்னா நீங்க அவர் கல்லுல ஊத்தற எண்ணெயை பார்ப்பீங்க, அதான் மைதா மேல பழிய போடுறார்.

தேனி வாசகி: நாங்க சப்பாத்தியே சாப்பிடறதில்ல, இட்லி தோசைதான். கோதுமை ஏறுனா எங்களுக்கு என்ன?

காலையில டீக்கு பால் வாங்கறீங்கல்ல? மைதா, ரவை எடுத்த மிச்சம் தவிடு, அதுதான் மாட்டுக்கு போகுது. கோதுமை ஏறுனா தவிடு மூட்டையும் ஏறும், பால்காரர் அதை உங்க தலையில கட்டாம இருப்பாரா. டீக்கு தொட்டுக்கற அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டை திருப்பி எடையை படிச்சுப் பாருங்க. ரேட் மாறாது, பிஸ்கட் எண்ணிக்கை மாறும்.

கடலூர் வாசகர்: விலை இன்னும் ஏறும்னு சொல்றாங்களே, ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்கி வெச்சுக்கவா?

வேணாம் சார். 2022ல தடை நியூஸ் பார்த்த அன்னைக்கு சாயங்காலமே முப்பது கிலோ மூட்டை தூக்கிட்டு வந்தவன் நான். வேப்பிலையெல்லாம் போட்டேன். கடலோர ஈரத்துக்கு அதெல்லாம் எம்மாத்திரம், ஆவணில மூட்டையை பிரிச்சா கோதுமையை விட வண்டு ஜாஸ்தி. பாதி பக்கத்து வீட்டு கோழிக்கு போச்சு. அந்த வீட்டம்மா இன்னும் என்னைப் பார்த்தா "அண்ணே, கோதுமை விலை எப்படி?"ன்னுதான் கேக்கறாங்க.