கீழே சொட்டுவது என்ன? பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காரையே துடைத்து வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். இம்முறை வந்த கேள்விகளில் ஒழுக்குத்தான் கூடுதல்.

என்னுடையது 1996 கொரோலா 110. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கார் நிறுத்தும் இடமெல்லாம் ஒயில் கறை, நிர்வாகத்திடமிருந்து கடிதமே வந்துவிட்டது. கராஜ் பாஸ் அடியில் பார்த்துவிட்டு, என்ஜினின் பின் சீல் (கியர்பொக்ஸ் பக்கம் ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். இறக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். சீலின் விலை பெரிதல்ல, இறக்கி ஏற்றும் கூலிதான் கடிக்கும். ஒயில் கீழே வடியும், கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே அடியில் ஈரமாக இருக்கும் இடத்தை வைத்து எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. உங்களுடையது 5ஏ-எஃப்ஈ என்ஜின் என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், என்ஜினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டின் கியர்பொக்ஸ் பக்க முனையில் செருகியிருக்கும். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. இத்தனை வருஷச் சூட்டில் அது பிளாஸ்டிக் வளையல் போல விறைத்துப்போகும். அங்கே கசியும் ஒயில் நேராகக் கியர்பொக்ஸ் கூட்டின் மேல் இறங்குவதால், அடியில் படுத்துப் பார்ப்பவருக்குப் பின் சீல் போனது போலவே தெரியும். ஹெட்டின் மேல் மூடியான டெப்பட் கவரின் பெக்கிங் மூலை கசிந்தாலும் இதே கதைதான்.

முதலில் கழுவுங்கள். என்ஜின் ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒல்டர்னேட்டரையும் பொலித்தீனால் மூடி, டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் சந்தேகமான மூட்டுகளில் டல்கம் பவுடர் தூவுங்கள். ஒரு நாள் காலி வீதி நெரிசலில் வழமைபோல ஓடிவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தால், பவுடர் நனைந்த கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் நமக்கு வேண்டியது.

ஓ-ரிங்தான் என்றால், டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்துமுன் அதற்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். அதே கோட்டில் திரும்பப் பூட்டாவிட்டால் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், மாறிவிடும். அப்படியே பிசிவி வால்வையும் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் அது அடைத்திருக்கிறது. உள்ளே சேரும் அழுத்தம் போக வழியில்லாமல் சீல்களைத் தள்ளும். அதைக் கவனிக்காமல் பெக்கிங்கை மட்டும் மாற்றினால் மறுபடி வடியும்.

மேலே எல்லாம் காய்ந்திருக்க, கியர்பொக்ஸ் கூட்டின் அடியில் மட்டும் புது ஈரம் என்றால் பாஸ் சொன்னது சரி. இறக்குங்கள். மெனுவல் கியர் என்றால் கிளட்ச் தட்டையும் அதோடு பார்த்துவிடுங்கள். அதுவரை ஒரு காட்போட் மட்டையைக் கீழே போட்டு வையுங்கள், நிர்வாகமும் அடங்கும்.

ஏசி போட்டு ஓடிவிட்டு நிறுத்தினால் முன் இடது பக்கத்தில் தண்ணீர் சொட்டுகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. (தெஹிவளை)

அது ஏசித் தண்ணீர், சொட்டட்டும். சொட்டாமல் இடது பக்கக் கால்மிதி நனைந்தால்தான் பிரச்சினை, வடிகுழாய் அடைத்திருக்கும். ஈரம் பிசுபிசுத்து இனிப்பாக மணத்தால் அது கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

சன்னி எஃப்பி15. ரிசேவ் டேங்கில் கூலன்ட் வாராவாரம் குறைகிறது. நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. (கொட்டாஞ்சேனை)

சூடான என்ஜினில் விழும் கூலன்ட் நிலத்துக்கு வருமுன் ஆவியாகிவிடும், காய்ந்த தடம் மட்டும் மிஞ்சும். ஹோஸ் நுனிகளிலும், வோட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு இருக்கிறதா பாருங்கள். துளையில் பொருக்கு இருந்தால் பம்பின் நாள் எண்ணப்படுகிறது. ரேடியேட்டர் மூடியையும் மறக்காதீர்கள். அதில் 0.9 அல்லது 1.1 என்று இருப்பது அழுத்த அளவு. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அளவு வருமுன்னே கூலன்டை வெளியே விட்டுவிடும்.

ஒன்றும் அகப்படாவிட்டால் குளிர்ந்த என்ஜினில் பிரஷர் டெஸ்டர் போட்டு, ரேடியேட்டருக்குள் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை, சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட்டுக்கும் என்ஜின் புளொக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் ஓட்டாதீர்கள். ‘கொழும்பில் பனியா கொட்டுகிறது, பைப் தண்ணீர் போதும்’ என்று கூலன்ட் ஊற்றாமல் விடுபவர்களுக்கு: கூலன்ட் துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், பூனை நாய்க்கு அது நஞ்சு.

மாருதி 800. பின் டயரின் உட்பக்கம் ஈரம், பிரேக் மிதி கொஞ்சம் கீழே போகிறது. ஞாயிறு வரை ஓடலாமா? (மட்டக்குளி)

கூடாது. கராஜுக்குக்கூட ஓட்டாதீர்கள், பாஸை வீட்டுக்கு அழையுங்கள். அந்த ஈரம் பிரேக் ஒயில், அநேகமாகச் சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்தான் கசிகிறது. நனைந்த பிரேக் ஷூவைத் துடைத்துப் போட விடாதீர்கள், இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். பிரேக் ஒயில் டேங்க் மூடியில் எழுதியிருக்கும் டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயில் தவிர வேறெதுவும் ஊற்றவேண்டாம். என்ஜின் ஒயில் பட்டால் ரப்பர் கப் எல்லாம் ஊதிவிடும்.

ஒழுக்கு நிறுத்தும் போத்தல் மருந்து வேலை செய்யுமா?

ஒயிலுக்கு ஊற்றுவது விறைத்த ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக்கும், சில மாதம் தள்ளலாம். கிழிந்த சீலுக்கும் வெடித்த பெக்கிங்குக்கும் பயனில்லை. ரேடியேட்டர் மருந்து மட்டும் வேண்டாம், ஒழுக்கோடு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். அந்தக் காசுக்கு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் சீலையே வாங்கலாம். பழைய சீலைக் கையில் கொண்டுபோங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றும் பெரும்பாலும் மில்லிமீட்டரில் அதன் முகத்திலேயே பொறித்திருக்கும். கார் பெயரை மட்டும் சொன்னால் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.