எதிரே உட்காரவைத்தால் முகம் மாறிவிடுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 31. ஒன்றரை வருடமாக, வேலை முடிந்து வந்து இரவில் வரைகிறேன். போனில் உள்ள படத்தைக் கட்டம் போட்டு வரைந்தால் முகம் அப்படியே வருகிறது, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அக்கா பையனை எதிரே உட்காரவைத்து வரைந்தால் வேறு யாரோ ஒரு பையன் வருகிறான். எனக்குத் திறமை இல்லையா? இதற்கிடையே ஒரு சர்வதேச ஓவியக் கண்காட்சிக்கு என் இரண்டு படங்கள் தேர்வாகியிருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. மூன்று நாளுக்குள் பங்கேற்புக் கட்டணம் கட்டினால் சான்றிதழும் பதக்கமும் தருவார்களாம். கட்டலாமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகவே சொல்கிறேன். முதலில் அக்கா பையன்.

உங்கள் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதுவரை பழகியது ஒரு வேலை, இப்போது செய்யப் பார்ப்பது வேறு வேலை. புகைப்படத்தில் கஷ்டமான பாதியைக் கேமரா முடித்துக் கொடுத்துவிடுகிறது. உருண்டையான தலையைத் தட்டையாக்கித் தருகிறது, அசையாமல் பிடித்து வைக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிக்கவேண்டும் என்று ஓரமும் வெட்டித் தருகிறது. அதன்மேல் கட்டமும் போட்டுவிட்டால், மூக்குக்கும் காதுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரு தடவைகூட நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. கட்டத்துக்குள் இருக்கும் கோட்டைப் பெயர்த்து வைத்தால் போதும். ஆகவே ஒன்றரை வருடத்தில் உங்கள் கை நன்றாகவே பழகியிருக்கிறது, கண்ணுக்குத்தான் பயிற்சி ஆரம்பிக்கவில்லை.

போன் படத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. கைநீளத்தில் பிடித்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் இருக்கும். அவ்வளவு கிட்டத்திலிருந்து எடுத்ததுதான் காரணம். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது அதே முகம் அப்படித் தெரியாது. நிழலும் பல படங்களில் ஒரே கறுப்பாகிவிடும், அதற்குள் இருக்கும் வடிவம் காணாமல் போய்விடும். இதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிஜ முகம் புதிதாகத்தான் இருக்கும்.

அக்கா பையனை வரைந்த தாளை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உச்சந்தலையிலிருந்து தாடை நுனிவரை அளந்து சரிபாதியில் ஒரு கோடு இழுங்கள். நேராகப் பார்க்கும் பெரியவர்கள் முகத்தில் கண்கள் ஏறக்குறைய அந்தக் கோட்டில் இருக்கும். சிறுவன் என்றால் இன்னும் சற்றுக் கீழேயே இருக்கும். உங்கள் படத்தில் அவை மேலே ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். தொடங்கும்போது எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம். நம் கவனமெல்லாம் கண், மூக்கு, வாயில் இருக்கிறது, நெற்றிக்கும் தலைமுடிக்கும் இடம் விட மனசு வருவதில்லை. போதாததற்கு ஒரு கண்ணில் ஆரம்பித்து இமைமயிர்வரை முடித்துவிட்டு அடுத்த கண்ணுக்குப் போயிருப்பீர்கள். தாடைக்கு வரும்போது எதுவும் எதோடும் ஒட்டாது.

சரி, என்ன செய்வது? கொஞ்ச நாள் முகத்தையே விட்டுவிடுங்கள். ஒரு வெள்ளைக் கோப்பையை மேஜைமேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கை ஒரு பக்கத்திலிருந்து காட்டுங்கள். பென்சிலைப் பிடித்துக் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கோப்பையின் அகலத்தைப் பென்சில்மேல் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அகலம் உயரத்துக்குள் எத்தனை தடவை போகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கவே கூடாது. மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறிவிடும், அளவு பொய்யாகிவிடும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லிக்கொடுக்காமல் ‘அளந்து போடு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து வெளிச்சம் ஒரு திட்டாகவும் நிழல் ஒரு திட்டாகவும் நிற்கும். அந்த இரண்டு திட்டையும் முதலில் போடுங்கள். மூன்றாவதாக நடுத்தரச் சாயல் ஒன்று, அவ்வளவு போதும். நிழலுக்குள்ளேயே, மேஜையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரியும். அது ரொம்பப் பளிச்சென்று இருப்பதுபோல் தோன்றும், ரப்பரை எடுத்து வெள்ளையாக்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். கண்ணைப் பாதி மூடி வெளிச்சப் பக்கத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு மங்கல் என்று தெரிந்துவிடும். அந்தக் கீற்றை வெள்ளையாக்கியதால்தான் பாதிப் பேருடைய கோப்பை தகரம் மாதிரி ஆகிறது.

தினமும் அரைமணி நேரம் போதும். முடித்ததும் தாளைக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நான்கடி பின்னால் போய் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மடியில் வைத்துப் பார்க்கும்போது தெரியாத சாய்வெல்லாம் அங்கிருந்து தெரியும். கோப்பை அலுத்தால் கசக்கிய காகிதம், அதற்குப் பிறகு உங்கள் இடது கை. பிறகு தூங்குகிறவர்கள். அதற்கப்புறம் அக்கா பையனிடம் வாருங்கள், அப்போதும் இரண்டு நிமிட ஸ்கெட்ச்தான். அவன் அசைந்தால் திட்டாதீர்கள். அதே தாளில் பக்கத்திலேயே இன்னொன்று தொடங்குங்கள். சிறுவர்கள் எப்படியும் பழைய இருப்புக்கே திரும்புவார்கள். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சாமான் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மென்மையாகக் கறுக்கும் 2பி பென்சில் ஒன்று, அதைவிடக் கறுக்கும் 6பி ஒன்று, சாதாரணத் தாள் ஒரு கட்டு. எச்பி பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு நிழல் கறுக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. அதில் களிமண் பங்கு அதிகம், அழுத்தினால் தாள்தான் பள்ளமாகும். எழுபத்திரண்டு வண்ணப் பெட்டியெல்லாம் இப்போது வேண்டாம். பிற்காலத்தில் வண்ணம் வாங்கும்போது டியூபின் பின்னால் நிறமியின், அதாவது நிறம் தரும் பொடியின், குறியீட்டைப் படியுங்கள். அல்ட்ராமரைன் நீலம் என்றால் பிபி 29 (PB29) என்று இருக்கும். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறியீடு போடாத டியூபைத் தொடாதீர்கள்.

‘இன்னொரு படத்தைப் பார்த்து வரைவதே தப்பா?’ என்று கேட்பீர்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைவதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்கிறேன். ஆனால் பெரிய ஓவியர்கள் வரைந்த கோட்டுச் சித்திரங்களைப் பார்த்து வரைவது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்யுங்கள். இதில் குழப்பம் வரக்கூடாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வான்கா ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். சார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் மாணவர்களுக்காக அச்சிட்ட மாதிரிச் சித்திரங்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துதான் அவர் பழகினார். அத்தோடு நிறுத்தவில்லை. கடைசிக் காலத்தில் பிரான்சின் செயின்ட் ரெமியில் மனநலச் சிகிச்சையில் இருந்தபோது, மியே என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த உழவர்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களிலிருந்து எடுத்துத் தன் சொந்த வண்ணத்தில் மறுபடி தீட்டினார். பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793இல் திறந்ததிலிருந்தே ஓவியர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்து வரைகிறார்கள். இன்றும் அனுமதி வாங்கி வரையலாம், ஆனால் மூலத்தின் அளவிலேயே வரையக்கூடாது என்பது விதி.

புகைப்படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நல்ல ஓவியரின் சித்திரத்தில் ஒவ்வொரு கோடும் அவர் யோசித்து எடுத்த முடிவு. கன்னத்தில் கோட்டை ஏன் விட்டுவிட்டார், கழுத்தடியில் ஏன் அழுத்தினார் என்று அவர் கையைப் பின்தொடர்ந்தே நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். புகைப்படம் யோசித்து எதையும் விடுவதில்லை, அழுத்துவதில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிந்து வைக்கிறது.

இதற்கும் நிபந்தனை உண்டு. கட்டம் போடக்கூடாது. டிரேசிங் தாள் வைத்து எடுக்கக்கூடாது. வண்ண ஓவியத்தை விட்டுவிட்டுப் பென்சில், கரி, மை கொண்டு வரைந்த சித்திரமாகத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் கோடு தெரியும். தாளின் ஓரத்தில் யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது என்று எழுதுங்கள், உங்கள் படம் என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள். போனில் பிரபலமாக இருக்கும் இன்றைய ஓவியர்களைப் பார்த்து வரைவதை இதில் சேர்க்காதீர்கள். அவர்களில் பலர் வரைவதே புகைப்படத்திலிருந்து. முக்கியமாக, இப்படி ஒரு பிரதி எடுத்தால் அதே வாரம் நேரில் பார்த்து ஒன்றாவது வரையவேண்டும். அந்த ஒன்று இல்லாமல் பிரதி மட்டும் எடுத்துக்கொண்டே போனால் வேறு வழியில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

இனி அந்தக் கண்காட்சி. படத்தை வாங்க வருகிறவரிடமிருந்து வரும் பணத்தில் நடக்கிற கூடம் ஒன்று. மாட்ட வருகிற ஓவியரிடமிருந்து வசூலித்து நடக்கிற கூடம் இன்னொன்று. இரண்டாவது ரகத்துக்குப் படம் விற்க வேண்டிய அவசியமே இல்லை, நீங்கள் கட்டணம் கட்டிய நிமிடமே அவர்கள் லாபம் முடிந்துவிட்டது. அங்கே எல்லோருமே ‘தேர்வு’ ஆவார்கள். யார் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், போன தடவை எத்தனை படம் விற்றது என்று கேட்டு எழுதிப் பாருங்கள். பதிலுக்குக் கட்டணத்தில் தள்ளுபடிதான் வரும். மூன்று நாள் கெடு எதற்கு? நீங்கள் யாரையும் விசாரிக்கக்கூடாது என்பதற்கு.

என் இருபத்து நான்காவது வயதில் நானும் இப்படிக் கட்டியிருக்கிறேன். படத்தை மாடிப்படி திரும்பும் சுவரில் மாட்டியிருந்தார்கள். திறப்பு நாளில் வந்தவர்கள் எல்லோரும் என்னைப்போல் பணம் கட்டிய ஓவியர்கள், அவர்களுடைய வீட்டார். எங்கள் வீட்டிலும் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா அந்தப் படிக்கட்டில் நின்று என் படத்தைப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பணம் வாங்கிக்கொண்டு மாட்டும் எந்தக் கண்காட்சியிலும் சேராதீர்கள்.

பணம் பறிக்க வேறு வழிகளும் வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படத்தைப் புகழ்ந்து எழுதி, விலைக்கு மேல் ஒரு தொகைக்குக் காசோலை அனுப்பி, ‘மிச்சத்தை பார்சல் எடுக்க வருகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்பார். நீங்கள் அனுப்பிய பிறகு காசோலை திரும்பி வரும். இன்னொருவர் உங்கள் படத்தை என்எஃப்டியாக, அதாவது இணையத்தில் பதிவு செய்யும் டிஜிட்டல் உரிமைச் சீட்டாக, வாங்குகிறேன், பதிவுக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்பார். சில போட்டிகளின் விதிமுறையில், கலந்துகொண்டாலே படத்தின் உரிமை முழுவதும் அவர்களுக்குப் போய்விடும் என்று நடுவில் ஒரு வரி இருக்கும். விதிமுறையைக் கடைசிவரை படிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

இவர்கள் பிழைப்பதற்கு நம் ஓவியக் கல்விதான் இடம் கொடுக்கிறது என்று எனக்கு ஆற்றாமை உண்டு. தேர்வில் மதிப்பெண் வாங்குவது சுத்தமாகத் தேய்த்த ஷேடிங். ஒரு மாணவன் தப்புத்தப்பாக வரைந்து திருத்திய இருநூறு தாளைப் புரட்டிப் பார்க்க எந்தப் பரீட்சையிலும் நேரம் ஒதுக்குவதில்லை. போட்டி நடுவர்கள் விரல் அகலத்துக்குச் சுருங்கிய படத்தைத் திரையில் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். அந்த அளவில் புகைப்படப் பிரதிதான் ஜெயிக்கும். பள்ளியிலிருந்து இப்படியே பழக்கினால், ஒன்றரை வருடம் வரைந்தவர் அடுத்த படி சான்றிதழ்தான் என்று நினைப்பதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் எங்காவது சேரவோ வேலைக்கோ போனால் நீங்கள் வரைந்த தாள்களைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

அக்கா பையனை வரைந்த அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். பின்பக்கம் தேதி போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து, அதே நாற்காலியில், விளக்கை அதே பக்கம் வைத்து, அவனை மறுபடி வரைந்து இரண்டு தாளையும் எனக்கு அனுப்புங்கள்.