டெக்சஸ் கல்லூரி வகுப்பறைக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாமா?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால், உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்திருக்கலாம். தனியார் கல்லூரிகள் மறுக்கலாம், பெரும்பாலானவை மறுத்துவிட்டன.

இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1. சரியாக 50 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவர்களைச் சுட்டான். பொதுமக்கள் சிலர் கீழிருந்து திருப்பிச் சுட்டதால்தான் அவன் பதுங்கினான் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம். ஆனால் அந்தக் குண்டுகள் மேலே ஏறிய காவலர்களுக்கும் ஆபத்தாயின. தவிர, அந்தப் பொதுமக்கள் சுட்டது வேட்டைத் துப்பாக்கிகளால். இடுப்பில் மறைத்த கைத்துப்பாக்கிக்கு அதைச் சான்றாக்குவது எனக்கு ஒட்டவில்லை.

வகுப்பில் துப்பாக்கி இருந்தால் காரசாரமான விவாதத்துக்கே மாணவர்கள் தயங்குவார்கள் என்று 3 பேராசிரியைகள் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் ஏற்கவில்லை.