கேசட்டா, டவுன்லோடா? பழைய வீடியோ கேம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பரணில் கிடந்த 90-களின் டிவி கேமை இறக்கினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் வெறும் சாம்பல் நிறம். கேசட்டை ஊதி ஊதிப் போட்டும் பயனில்லை. காயலான் கடைக்குத்தானா?
(வாசகர், மதுரை)

பதில்: முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். மூச்சுக்காற்றில் இருக்கும் ஈரம்தான் செம்புப் பின்களைக் கருக்க வைக்கிறது. சின்ன வயதில் ஊதினால் வேலை செய்ததே என்பீர்கள். அது ஊதியதால் அல்ல. கேசட்டைக் கழற்றி மறுபடி சொருகும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசிப் புதிதாகத் தொட்டதால்.

நம் ஊரில் டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை, 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டில் 60 பின்கள். அதில் இரண்டு மூன்று சரியாகத் தொடாவிட்டாலே சாம்பல் திரையோ கோலம் போட்ட மாதிரி கட்டங்களோதான் வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பட்ஸை அதில் நனைத்து, கேசட்டின் பின்களை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம்; அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். பின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் அடியில் இருக்கும் செம்பு சீக்கிரமே மறுபடி கறுக்கும். கருவியில் கேசட் சொருகும் வாய்க்கு, ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, ஆல்கஹாலில் லேசாக நனைத்து, நாலைந்து முறை சொருகி எடுங்கள். பத்து நிமிடம் காய்ந்தபின் கரண்ட் கொடுங்கள்.

அப்படியும் வரவில்லையா, அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய அடாப்டர் தொலைந்து, வீட்டில் கிடந்த ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகுவது எல்லோரும் செய்யும் தப்பு. உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர், வருவதை 5 வோல்ட்டாகக் குறைத்து மீதியைச் சூடாக வெளியே தள்ளும். கருவி 0.4 ஆம்பியர் இழுத்தால், 9 வோல்ட்டில் அது 1.6 வாட் சூடு. 12 வோல்ட்டில் 2.8 வாட். சின்னத் தகடு அதைத் தாங்காது. இன்னொன்று துருவம். ஃபேமிகாமின் சொந்த அடாப்டரில் முனையின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். ரவுட்டர் அடாப்டர்கள் பொதுவாக இதற்கு நேர் எதிர். நகல்களில் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கருவியின் அடியில் அச்சிட்ட வட்டக் குறியைப் பார்த்தே வாங்குங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் 7805-இன் நடுக்காலுக்கும் மூன்றாம் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையே காட்டினால் ரெகுலேட்டர் நன்றாக இருக்கிறது. அதற்கு மேலும் படம் இல்லை, திறந்தால் போர்டின் நடுவே கறுப்பு நிறப் பிசின் பொட்டு மட்டும் இருக்கிறது என்றால், மொத்தக் கருவியும் அந்தப் பொட்டுக்குள் இருக்கிறது. அது செத்தால் செத்ததுதான்.

கேள்வி: வாத்து சுடும் துப்பாக்கி எங்கள் எல்இடி டிவியில் ஒரு வாத்தைக்கூட வீழ்த்தவில்லை. துப்பாக்கி பழுதா?
(வாசகர், கோவை)

பதில்: துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம், டிவிதான் அதற்கு ஒத்துவராது. நீங்கள் விசையை இழுத்ததும் கேம் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் ஒரு படம் நிற்கும் நேரம், முழுத் திரையையும் கறுப்பாக்கும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கியின் மூக்கில் இருப்பது குண்டு அல்ல, ஒளி உணரும் கண். அது கறுப்பையும் உடனே வெள்ளையையும் பார்த்தால் வாத்து காலி. இரண்டு வாத்து பறந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த ஃபிரேமில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து. ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு, சுமார் 16.7 மில்லி நொடி. புது டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் அதில் மூன்று நான்கு ஃபிரேம் ஓடிவிடும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும்போது கேம் பார்ப்பதையே நிறுத்தியிருக்கும். போதாததற்கு, அசல் துப்பாக்கியில் டியூப் டிவி படத்தை வரி வரியாக வரையும் வேகத்துக்கு மட்டும் காது கொடுக்கும் ஃபில்டர் ஒன்றும் உண்டு.

வழி: 14 அல்லது 21 அங்குல டியூப் டிவி, வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு. அந்த டிவியின் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

துப்பாக்கி இல்லாத கேம்களுக்கு எல்இடி டிவியே போதும், கேம் மோடைப் போடுங்கள். மலிவான ஏவி-எச்டிஎம்ஐ மாற்றிப்பெட்டி வாங்கினால் ஓடும் உருவங்கள் சீப்பால் வாரியது போலத் தெரியும். பழைய கருவி அனுப்பும் 240 வரிப் படத்தை அது 480 வரி இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் வரையும் படம்) என்று தப்பாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி போன்ற பெட்டிகள் இதைச் சரியாகக் கையாளும். ஆனால் விலை உங்கள் டிவி கேமைப் போலப் பல மடங்கு.

கேள்வி: கேம்பாய் அட்வான்ஸில் போகிமான் எமரால்டு போட்டால் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வருகிறது. சேமித்த ஆட்டம் போய்விடுமா?
(வாசகி, திருச்சி)

பதில்: போகாது. எமரால்டு, ரூபி, சஃபையர் மூன்றிலும் ஆட்டம் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிகிறது. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். நேரத்தைப் பார்த்து வளரும் பெர்ரிச் செடிகள் போன்றவை நின்றுபோகும், அவ்வளவுதான். மாற்ற வேண்டுமென்றால் காது (ஈயம் வைக்க உலோகப் பட்டை) வைத்த சிஆர்1616 வாங்குங்கள். மூடியில் இருப்பது மூன்று சிறகு ஸ்க்ரூ, அதற்கென்று தனி டிரைவர் வேண்டும். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைக்கக் கூடாது. சூட்டில் வீங்கி வெடிக்கும்.

அதே வீட்டில் போகிமான் கோல்டு, சில்வர் இருந்தால் கதை வேறு. அங்கே ஆட்டத்தைத் தாங்கி நிற்பதே பேட்டரிதான், சிஆர்2025. கடிகாரமும் அதையே உறிஞ்சுவதால் சீக்கிரம் தீரும். கழற்றிய நொடியில் ஆட்டம் அழியும். ஆகவே முதலில் கேசட்டைக் கணினியோடு இணைக்கும் கேசட் ரீடரில் போட்டுக் கணினிக்கு நகலெடுங்கள், பேட்டரியை மாற்றியபின் திருப்பி எழுதுங்கள்.

கேள்வி: என் பிளேஸ்டேஷன் 1 தலைகீழாக வைத்தால்தான் ஓடுகிறது. ஏன்?
(வாசகர், சேலம்)

பதில்: உங்களுடையது முதல் வரிசை மாடலாக இருக்கும். அதில் லென்ஸ் ஓடும் பாதை பிளாஸ்டிக். பக்கத்திலேயே பவர் சப்ளையின் சூடு. பாதை தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிட்டது. கவிழ்த்தால் எடை மறுபக்கம் விழுவதால் தற்காலிகமாக நிமிர்கிறது. அடியில் இருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி லென்ஸ் அசெம்பிளியை முழுதாக மாற்றுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் என்ற சின்னத் திருகியைத் திருகி லேசரின் பலத்தைக் கூட்டித் தரும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். தேய்ந்தது பாதை, லேசரைக் கூட்டினால் அதன் ஆயுள்தான் குறையும்.

கேள்வி: நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் இரண்டிலும் நிறையப் பழைய கேம்களைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்திருக்கிறேன். கடை மூடியாகிவிட்டது. வாங்கியவை என்னுடையவைதானே?
(வாசகர், டொராண்டோ)

பதில்: நீங்கள் வாங்கியது கேம் அல்ல, அதை ஆடும் உரிமம். கடைகள் இதை இப்போதுதான் உரக்கச் சொல்கின்றன: வாங்கு என்று பொத்தான் வைத்தால் அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

வீ யூவுக்கு முந்தைய கருவியான வீயின் டவுன்லோடு கடை 2019 ஜனவரி 30-இல் மூடியது. உங்கள் இரண்டு கருவிகளிலும் 2023 மார்ச் 27-உடன் விற்பனை நின்றது. ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கும் வசதி மட்டும் அதன்பிறகும் விட்டுவைக்கப்பட்டது. அது நிரந்தரம் என்று யாரும் எழுதித் தரவில்லை. முன்பு கேட்ட கோவை வாசகரின் வாத்து கேமே வீ யூ கடையில் வீ ரிமோட்டால் சுடும்படி விற்றது. எல்இடி டிவியில் வேலை செய்த அந்தப் பதிப்பு இன்று புதிதாக ஒருவருக்கும் கிடைக்காது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொல்கிறது.

திரும்ப வரும் கேமும் முழுதாக வருவதில்லை. கிரேஸி டாக்ஸியின் 2010 டவுன்லோடு பதிப்பில் பழைய பாட்டுகளும் இல்லை, நிஜ உணவகப் பெயர்களும் இல்லை, உரிமம் தீர்ந்துவிட்டது. டிஸ்கில் இருக்கும் பாட்டை யாரும் பிடுங்க முடியாது. மறுபக்கம், கணினிக்கான ஜிஓஜி கடை ஆஃப்லைன் இன்ஸ்டாலரைக் கையில் தருகிறது. அதை இரண்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்தினால் கேசட்டைவிட அது உறுதி என்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரமே வாங்கிய எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். 3டிஎஸ்-க்கு 32 ஜிபி வரை எஸ்டி கார்டு. வீ யூவுக்கு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க். பென்டிரைவ் வேண்டாம், அடிக்கடி எழுதி அழிப்பதில் அது சீக்கிரம் தேயும். ஹார்டு டிஸ்க்கைக் கருவி தனக்கே உரிய முறையில் ஃபார்மேட் செய்யும், அதில் இருக்கும் மற்றவை அழிந்துவிடும் என்பதால் காலி டிஸ்க்காகக் கொடுங்கள். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் உத்தமம். சின்ன டிஸ்க்தான் இருக்கிறதென்றால் இரட்டைத் தலை ஒய் கேபிள் வாங்கி இரண்டு போர்ட்டிலும் சொருகுங்கள். ஒரு போர்ட்டின் கரண்ட் பல டிஸ்க்குகளுக்குப் போதாமல் பாதியில் நின்றுவிடும்.