பிருந்தாவன் 21 நாள் தாமதம்

சிறுவர் புத்தகங்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர், காட்பாடியில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறார்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. படக்கதையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். கொஞ்சம் தடிமனான புத்தகம் கொடுத்தால் மூடி வைத்துவிடுகிறான். நடுவில் எதைக் கொடுப்பது?
– ஒரு தாய், குடியாத்தம்

அத்தியாயக் கதைகளைக் கொடுங்கள் அம்மா. அறுபதிலிருந்து நூறு பக்கம், அத்தியாயம் ஐந்தாறு பக்கம், இடையிடையே கோட்டுப்படம். தமிழில் இந்த அளவில் புத்தகம் குறைவு. படக்கதைக்கும் நாவலுக்கும் நடுவே பெரிய பள்ளம் கிடக்கிறது. உங்கள் பையன் அதன் ஓரத்தில் வந்து நிற்கிறான், அவ்வளவுதான். அவனிடம் ஒரு குறையும் இல்லை.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர், ஆடு, கோழி வருகிற சிரிப்புக் கதையாகப் பாருங்கள். ராஜா கதை என்றால் ஒவ்வொரு புத்தகத்திலும் புது நாடு, புதுப் பெயர். தெருக் கதையில் அதே பாட்டி, அதே கோழி திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் அத்தியாயத்துக்குள் பிள்ளைக்கு எல்லாரும் பழகிவிடுவார்கள். கோழி தலையை நீட்டினாலே ஏதோ நடக்கப்போகிறது என்று சிரிக்க ஆரம்பித்துவிடும். அந்தச் சிரிப்பிலேயே அடுத்த பக்கம் புரண்டுவிடும்.

வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றை உரக்க வாசித்துப் பாருங்கள். ‘சென்றுகொண்டிருந்தபொழுதெல்லாம்’ மாதிரி ஒட்டிப்போன சொல் வரிக்கு ஒன்று வந்தால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை புரியாமல் போவதில்லை, இந்த மாதிரிச் சொல்லில்தான் கால் தடுக்குகிறது. பேச்சு நிறைய இருந்தால் நல்லது.

பிறகு ராத்திரியில் ஒன்றரை அத்தியாயம் நீங்களே வாசியுங்கள். ஒன்றரைதான். ஆடு புத்தகப் பைக்குள் வாயை விட்ட இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். என் திண்ணையில் இப்படி நிறுத்திய கதையை இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப்போய், எழுத்துக்கூட்டியே முடித்து, மறுவாரம் மற்றவர்களுக்கு அவளே சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

இந்த மாதிரிக் கதைகளைப் படித்துவிட்டு, காது கேளாத எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்த்து என் மகள் சிரிக்கிறாள். அக்கம்பக்கத்தாரைக் கேலி செய்யத்தானே இவை கற்றுக்கொடுக்கின்றன?
– வாசகர், ஆற்காடு

உங்கள் வருத்தம் நியாயமானது ஐயா. காது மந்தம், திக்குவாய், பருத்த உடம்பு, கறுத்த நிறம் இவற்றைக் காட்டிச் சிரிக்க வைக்கிற புத்தகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை நான் திண்ணைக்குக் கொண்டுவருவதில்லை. அந்தப் பெரியவர் கேட்டு வாங்கி வந்ததா அந்தக் காது? ஒரு மனிதர் தாமாக ஆசைப்பட்டு, பிடிவாதமாகச் செய்கிற காரியம் ஒன்று இருக்குமே, நல்ல கதைக்காரர் அதைத்தான் தேடிப் பிடிப்பார்.

எங்கள் தெருவில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். ஏழு கோழி வளர்த்தார். எல்லாவற்றுக்கும் காட்பாடியில் நிற்கிற ரயில்களின் பெயர்: பிருந்தாவன், லால்பாக், ஏலகிரி என்று. கூண்டை விட்டு ஆடி அசைந்து கடைசியில் வருவது பாசஞ்சர். காலையில் கூண்டைத் திறந்ததும் பச்சைத் துண்டைக் கொடி மாதிரி ஆட்டுவார். பிருந்தாவன் அடைக்கு உட்கார்ந்த அன்று கூண்டின் மேல் ஒரு சிலேட்டு தொங்கியது: ‘பிருந்தாவன் 21 நாள் தாமதமாக வரும்.’ கோழி முட்டை பொரிய எத்தனை நாள் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் படித்தது அந்தச் சிலேட்டில்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம், “தாத்தா, பிருந்தாவன் வந்துச்சா?” என்பார்கள். “இன்னும் சிக்னல் விழல கண்ணு” என்பார். ஒன்பது குஞ்சு பொரிந்த அன்று தெருவே கேட்கக் கூவினார்: “ஒம்போது பொட்டியோட வந்துகீது, ஓடியாங்க!”

எல்லாரும் சிரித்தோம், அவர்தான் அதிகம் சிரித்தார். வேலையை விட்டு வந்த பிறகு விடிகாலையில் வீடு சத்தமே இல்லாமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். நல்ல புத்தகத்தில் இந்த மாதிரி ஒரு வரி எங்கேயாவது இருக்கும். அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள். ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1945-ல் வெளியிட்ட பிப்பி கதையில், ஒன்பது வயதுச் சிறுமி ஒரு குரங்கோடும் குதிரையோடும் பெரியவர் துணையில்லாமல் வாழ்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் அவளை ஆசையோடு பார்க்கிறார்கள். வாசிக்கிற பிள்ளைக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொள்கிறது.

மகளை அந்தப் பெரியவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சின்ன வயதில் அவர் வீட்டில் என்ன ஆடு மாடு இருந்தது என்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

விலங்குகளை வைத்துச் சிரிப்புக் கதை எழுத ஆசை. ஆடு மாடுகளைப் பேச வைக்கலாமா?
– இளம் ஆசிரியர், அணைக்கட்டு

தாராளமாகப் பேச வையுங்கள் தம்பி. ஆடு ஆடாகவே பேச வேண்டும், அது ஒன்றுதான் கட்டுப்பாடு. அதற்கு முதலில் ஒரு வாரம் ஆட்டைப் பாருங்கள். அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ்ப்பல்லை அதில் அழுத்தி, தலையை வெடுக்கென்று ஆட்டித்தான் எதையும் பிய்க்கும். காதுகுத்துப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் அச்சான மூலையை மட்டும் அது பிய்த்துத் தின்றுவிட்டால் என்ன ஆகும்? ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது. வான்கோழிச் சேவல் பெருஞ்சத்தம் கேட்டால் பதிலுக்குக் கத்தும். விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதுகிற மைதானத்துக்குப் பக்கத்தில் அதைக் கட்டிப்போட்டால் இன்னொன்று.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்வாருங்கள். கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கம் மாட்டுச் சந்தைகளில் உண்டு. துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிக்கிற ஒன்பது வயதுப் பையனை அங்கே நிறுத்திப் பாருங்கள். தை மாத எருது விடும் விழாவில், ஒரு மாதம் பழக்கிய காளை நடுத்தெருவில் நின்று வாசல் தோரணத்தைத் தின்றால் எப்படி இருக்கும்? ஆனால் வாலை முறுக்குவது, கல் எறிவது இவற்றைச் சிரிப்பாக்காதீர்கள். பிள்ளை அதைச் செய்து பார்க்கும்.

‘இன்னா’, ‘இஸ்துகினு’, ‘வந்துகீது’ எல்லாம் பேச்சில் அப்படியே வரட்டும். வகுப்பில் இவற்றைத் திருத்தியவள்தான் நான். கதையில் கை வைக்க மாட்டேன், அது எங்கள் ஜனங்களின் குரல்.

புத்தகம் வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?
– ஒடுகத்தூர் வாசகி

கிளை நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை கேளுங்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சின்னக் கதைகள். நான்கைந்தைச் சேர்த்துத் தைத்தால் அத்தியாயப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். எங்கள் திண்ணையில் அப்படித் தைத்தவை இருக்கின்றன.

எங்க தெருவுல யாருமே வேடிக்கையா இல்ல. மாடி வீட்டு ஆயா மட்டும் தெனமும் காக்காவுக்குச் சோறு வச்சிட்டு ஏதோ பேசிக்கினே இருப்பாங்க. நான் எதப் பத்தி எழுதறது?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, ராணிப்பேட்டை

கண்ணு, அந்த மாடியிலேயே உன் கதை இருக்கிறது. வருவது ஒரே காக்காவா, வேறு வேறா? ஆயா பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? சோறு வைக்க நேரமானால் அது என்ன செய்கிறது? காக்கைகளுக்கு மனிதர் முகம் ஞாபகம் இருக்கும் என்பார்கள். ஆயாவிடம் கேட்டு, ஒரு நாள் நீ சோறு வைத்துப் பார், வருகிறதா என்று. ஐந்து நாள் பார்த்ததை நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. ஆயா காக்காவிடம் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதே.