ஆகனில் அறை தேடும் மகளுக்காக இங்கிருந்தே யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மகளுக்கு ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல்தான் என்கிறார்கள். கோவையில் ஒரு ஏஜென்சி ‘ரூம் பிளாக் பண்ணித் தருகிறோம்’ என்று 85,000 ரூபாய் கேட்கிறது. மகள் இணையத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். வீட்டுக்காரர் இங்கிலாந்தில் இருக்கிறாராம். 1,100 யூரோ அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். அவளுடைய தோழியோ எல்லை தாண்டி நெதர்லாந்துப் பக்கம் வால்ஸ் என்ற ஊரில் சுலபமாக அறை கிடைக்கும் என்கிறாள். நாங்கள் கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டித் தினமும் கோவைக்குப் போய்வருகிறவர்கள்தானே, அதுபோல அவளும் இருக்கலாமா? மூன்றில் எதைச் செய்வது?

பதில்: ஐயா, மூன்றுமே வேண்டாம். முதலில் அந்த இங்கிலாந்துக்காரருக்குப் பதில் எழுதுவதை மகளை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படி ஒரு வீடே அவரிடம் கிடையாது.

வருடா வருடம் ஜூன், ஜூலையில் இந்தக் கடிதம் நம் பிள்ளைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருடம் பாதிரியார், மறு வருடம் எண்ணெய்க் கப்பல் இன்ஜினியர், அதற்கடுத்து மகளோடு தங்கப் போன விதவைத் தாய். ஆள்தான் மாறுகிறாரே தவிர கதை மாறுவதில்லை. நடு ஊரில் வீடு, பளிங்கு மாதிரி சமையலறை, மின்சாரம் தண்ணீர் எல்லாம் சேர்த்து 350 யூரோ. நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்புவார். அது அவரிடம் முன்பு ஏமாந்த யாரோ ஒரு பிள்ளையுடையது. உங்கள் மகள் தன் நகலை அனுப்பியிருந்தால் அடுத்த பிள்ளைக்கு அதுதான் போகும். இனி யார் கேட்டாலும், அறையைப் பார்த்து ஒப்பந்தம் கைக்கு வரும்வரை பாஸ்போர்ட் நகல் கொடுக்கக் கூடாது.

பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையும் பாருங்கள். ஐரோப்பியக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து எந்த நாட்டு வங்கி என்று சொல்லிவிடும். ஜெர்மன் வங்கி என்றால் டி, இ. வீடு ஆகனில், ஆள் இங்கிலாந்தில், கணக்கு இன்னொரு நாட்டில் என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகுதானே விலை பேசத் தரகரின் துண்டுக்குள் கை விடுகிறோம்? கண்ணால் காணாத வீட்டுக்கு மட்டும் ஏன் ஒரு லட்சத்தை அனுப்புகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி கோவை ஏஜென்சி. ‘ரூம் பிளாக்’ என்று ஒரு ஏற்பாடு ஜெர்மனியில் இல்லை. மாணவர் விடுதிகளை நடத்துவது அந்தந்த ஊரின் ஷ்டுடீரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பு. அதற்கு உங்கள் மகள் தன் பெயரில், தன் ஈமெயிலிலிருந்து நேராக விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி போட்டாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். தனியார் வீட்டுக்கும் இதே கதைதான். வாடகை வீட்டுத் தரகரை யார் அழைத்தார்களோ அவர்தான் தரகு கொடுக்க வேண்டும் என்று 2015-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வைத்த தரகருக்கு உங்கள் மகள் ஒரு காசு தர வேண்டியதில்லை. அங்கே சட்டமே தர வேண்டாம் என்று சொல்லும் பணத்தை உக்கடத்திலும் காந்திபுரத்திலும் உட்கார்ந்துகொண்டு நம்மவர்கள் வாங்குகிறார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு இவர்களிடம் போனீர்களா, அது உங்கள் விருப்பம். அறைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது சங்கடமான விஷயம். அங்கே முன்பே போன நம் பிள்ளைகளிலும் சிலர் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். காலி செய்கிற அறையை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘டிரான்ஸ்பர் ஃபீ’ 500 யூரோ என்பார்கள். பழைய கட்டிலுக்கும் மேசைக்கும் நியாயமான விலை கேட்டால் கொடுக்கலாம், அந்த ஊரிலும் அது வழக்கம். அறையைக் கைமாற்றி விடுவதற்கு என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. தமிழில் பேசுகிறார் என்பதற்காக ரசீதைக் கேட்காமல் விடாதீர்கள்.

சரி, பிறகு எப்படித்தான் அறை தேடுவது? அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மகளுக்கு முதலில் தேவைப்படுவது நல்ல அறை அல்ல, கையெழுத்துள்ள முகவரி. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் ‘இவர் இங்கே குடிவந்தார்’ என்று கையெழுத்திட்ட தாள் வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் வெளிநாட்டவர் அலுவலகம் விசாவை வசிப்பு அனுமதியாக மாற்றித் தரும். வரி எண்ணும் பதிவு செய்த அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வீடு கேட்டால் ஷூஃபா என்ற கடன் நம்பகச் சான்று கேட்பார்கள். நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? அது வர வேண்டுமென்றால் அங்கே வங்கிக் கணக்கு நடந்திருக்க வேண்டும். கணக்கு திறக்கப் போனால் முகவரிப் பதிவு எங்கே என்று சில வங்கிகள் கேட்கும். பதிவுக்கு வீடு வேண்டும். நம் வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்றுக்கு இன்னொரு சான்று கேட்டு அலைய விடுவார்களே, அதையே கணினியில், அப்பாயின்ட்மென்ட் வைத்துச் செய்கிறார்கள். அந்த அப்பாயின்ட்மென்டும் பல ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் கிடைப்பதில்லை. இரண்டு வாரத்தில் பதிவு செய் என்று சட்டம் போடுகிறவர்கள் இரண்டு வாரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிய வேண்டாமா? உங்கள் மகள் முகவரி உறுதியான நாளிலேயே அப்பாயின்ட்மென்ட் எடுத்து, அந்த உறுதிக் கடிதத்தைச் சேமித்து வைக்கட்டும். தாமதம் யாருடையது என்று அது சொல்லும். வங்கி விஷயத்தில் ஒரு பிடி இருக்கிறது: சட்டப்படி வசிக்கிற எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்று 2016 முதல் சட்டம் உள்ளது. கவுன்டரில் முடியாது என்றால் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆகவே அறை விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாடகையை அல்ல, அங்கே முகவரி பதிய முடியுமா என்பதை. முடியாது என்று எழுதியிருந்தால் எவ்வளவு அழகான அறையானாலும் விட்டுவிடுங்கள். ‘குடியிருக்க வேண்டாம், 200 யூரோ கொடுத்தால் தாள் மட்டும் தருகிறேன்’ என்று ஆட்கள் வருவார்கள். பொய்யாக முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடலாம். பதிந்துகொண்ட வெளிநாட்டு மாணவியின் விசாவுக்கு அதனால் என்ன சங்கடம் வரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

முதல் முகவரிக்கு நான் பிள்ளைகளைத் தேடச் சொல்வது இடைக்கால வாடகை, அங்கே ட்ஸ்விஷன்மீட்டே. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் மேலே நான் திட்டிய மோசடிக்காரனைப் போலவே இதுவும் தூரத்திலிருந்து தெரியும். ஜெர்மன் மாணவர்கள் ஆறு மாதம் வேறு ஊருக்குப் பயிற்சிக்குப் போகும்போது, பங்கு வீட்டிலுள்ள தங்கள் அறையை அந்த ஆறு மாதத்துக்கு இன்னொருவருக்கு விடுவார்கள். அறைக்காரர் ஊரில் இருக்கமாட்டார். அதனால் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொல்கிற எல்லாரும் திருடர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வித்தியாசம் இதுதான்: அந்த வீட்டில் மற்ற அறைகளில் ஆட்கள் வசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து கதவு, சமையலறை, ஜன்னலுக்கு வெளியே தெரு எல்லாம் காட்டுவார். மகளிடம் என்ன சமைப்பாய், எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று கேள்வியும் கேட்பார். மோசடிக்காரன் மகளைப் பற்றி ஒன்றுமே கேட்கமாட்டான், பணத்தை மட்டும்தான் கேட்பான். அறைக்காரர் தன் வாடகை ஒப்பந்தத்தையும், உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் தந்த சம்மதத்தையும் காட்ட வேண்டும். சம்மதம் இல்லாமல் விட்டிருந்தால் உரிமையாளருக்குத் தெரியும் நாளில் மகளுக்குத் தலைவலி. முகவரிப் பதிவுத் தாளில் உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை; உள்வாடகைக்கு விடுகிற அறைக்காரரே போடலாம், அது செல்லும். இது தெரியாமலேயே நல்ல அறைகளை நம் பிள்ளைகள் வேண்டாம் என்று விடுகிறார்கள். ஆறு மாதம் முகவரி கிடைத்தால் போதும். அதற்குள் கணக்கு திறந்துவிடும், அனுமதி வந்துவிடும், விடுதிப் பட்டியலும் நகரும். அடுத்த அறையை அவளே நேரில் போய்ப் பார்ப்பாள்.

பணம் கொடுப்பதற்கு ஒரு கணக்கு. வாடகையில் இரண்டு விதம் சொல்வார்கள். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. வார்ம்மீட்டே என்பது சூடேற்றுதல், தண்ணீர் போன்றவை சேர்ந்தது. முன்பணம் வெறும் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்க மகளுக்கு உரிமை உண்டு. முதல் தவணை குடிபோகும்போதுதான். வெறும் வாடகை 350 என்றால் முன்பணம் அதிகபட்சம் 1,050. முதல் மாதம் அதில் 350 கொடுத்தால் போதும். சாவிக்கு முன்னாலேயே 1,100 கேட்டவரின் கணக்கு இதில் எங்கேயும் பொருந்தவில்லை, பாருங்கள். விசாவுக்காக ஒரு வருடச் செலவென்று நீங்கள் முடக்கி வைத்த 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 வரும். ஆனால் அங்கே கணக்கு திறந்த பிறகுதான். அதனால் முதல் இரண்டு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனியாக ஃபாரெக்ஸ் கார்டில் இருக்கட்டும்.

வால்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஆகன் நகரப் பேருந்தே வால்ஸ் வரை போகிறது, எல்லையில் சோதனைச் சாவடி மாதிரி ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பார்ப்பதற்கு நம் வேலந்தாவளம் போலத்தான். ஆனால் நாம் அந்தப் பக்கம் போனாலும் இந்தியாதான், அங்கே வேறு நாடு. ஜெர்மனி தந்த மாணவர் அனுமதியை வைத்துக்கொண்டு நெதர்லாந்தில் குடியிருக்க முடியாது. 180 நாளில் 90 நாள் போய்வரத்தான் முடியும். வால்ஸில் குடியிருந்தால் ஜெர்மனியில் முகவரிப் பதிவு இருக்காது, பதிவு இல்லாவிட்டால் அனுமதி நீட்டிப்பும் சிக்கல். ஐரோப்பியக் குடியுரிமை உள்ள தோழிகள் அங்கே குடியிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமே, ஆகனைச் சுற்றி எஷ்வைலர், ஷ்டோல்பெர்க், ஹெர்ட்சோகன்ராட், கொஞ்சம் தள்ளி டூரன் என்று ரயில் நிற்கும் ஊர்கள் இருக்கின்றன. 40,000-க்கு மேல் மாணவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கும் நகரத்துக்குள்ளேயே எல்லாரும் முட்டி மோதுகிறார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கோவை போகிற வீட்டுப் பெண்ணுக்கு டூரன் ஒரு தூரமே அல்ல. பல்கலைக்கழகக் கட்டணத்தோடு வரும் மாணவர் பயணச்சீட்டில் ரயிலுக்குத் தனிச் செலவும் இல்லை.

விமானச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால் செப்டம்பர் நடுவிலேயே போகும்படி எடுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே நாளில் இறங்குவார்கள். இளைஞர் விடுதியில் இரண்டு வாரம் தங்க ஆகும் செலவு அந்த 85,000-க்குள் அடங்கும். அங்கே தங்கிக்கொண்டு அறைகளை நேரில் பார்க்கலாம்.

அறைக்குள் நுழையும் முதல் நாள், பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவர், தரை, குளியலறை, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து வீடு கொடுத்தவருக்கு அன்றைக்கே ஈமெயில் அனுப்பச் சொல்லுங்கள். நான் அங்கே படித்த காலத்தில் இதைச் செய்யவில்லை. எனக்கு முன்பே இருந்த பூஞ்சைக் கறையைக் காட்டி என் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்; என் கையில் ஒரு படமும் இல்லை. அடுத்து, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் மகளின் பெயர் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்தில், உங்கள் பெயர் பின்னால் வந்தால் அதையும் சேர்த்து. பெயர் இல்லாத பெட்டியில் அங்கே தபால்காரர் கடிதம் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். வங்கியின் ரகசிய எண்ணும் வரி எண்ணும் அப்படித் திரும்பிப் போய் மாதக்கணக்கில் அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினால்கூடப் போதும், ஆனால் அன்றைக்கே ஒட்ட வேண்டும்.