கார்பன் சைக்கிள் வாங்கப்போறீங்களா? கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, ரெண்டு வருஷமா அலுமினியம் ரோடு சைக்கிள் ஓட்டறேன், இப்ப ரேஸ்ல இறங்கலாம்னு கார்பன் தேடறேன். ரெண்டு மனசுல நிக்குது, ஒண்ணு 7.2 கிலோ, இன்னொண்ணு 8.1. லேசானதுல என் சைஸ் இல்ல, ஒரு சைஸ் பெருசுதான் இருக்கு, ஹேண்டில்பாரப் பிடிச்சிருக்கற ஸ்டெம்ம சின்னதா மாத்திக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரு. எத வாங்கட்டும்?

பதில்: 8.1 கிலோவ வாங்குங்க தம்பி. நானும் இதே மாதிரி ஒரு சைஸ் பெரிய ஃப்ரேம, லேசா இருக்கேனு வாங்கி ஒரு வருஷம் கழுத்து வலியோட ஓட்டிட்டு வித்தவன்தான், அதனால அனுபவிச்சே சொல்றேன்.

கணக்கு போட்டுப் பாருங்க. நீங்களும் சைக்கிளும் தண்ணி பாட்டிலும் சேந்து 80 கிலோனா 900 கிராம்ங்கறது ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அரை மணி நேரம் ஏற வேண்டிய செங்குத்தான மலைல அதே பலத்துல மிதிச்சா மிச்சமாகறது 20 செகண்ட் கிட்ட. சமதரைல அதுவும் கிடையாது, ஏன்னா அங்க உங்கள இழுத்துப் பிடிக்கறது காத்து, அதுல பெரும்பங்கு சைக்கிள் மேல இல்ல உங்க உடம்பு மேல மோதறது. குனிஞ்சு ஒரு மணி நேரம் வலிக்காம உக்கார முடிஞ்சா அதுதான் வேகம், சைஸ் தப்பான ஃப்ரேம்ல அது நடக்கவே நடக்காது. உலக சைக்கிளிங் சங்கமான யுசிஐ 2000-லேருந்து ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ போகக்கூடாதுனு வச்சிருக்கு, அதனால எடையத் துரத்தினா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு.

54, 56னு ஒட்டியிருக்கற சைஸ் நம்பர நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டாக், ரீச்னு ரெண்டு அளவு குடுத்திருப்பாங்க, அதப் பாருங்க. பெடல் சுத்தற அச்சோட நடுவுலேருந்து ஃப்ரேமோட முன்பக்கக் குழாயான ஹெட் ட்யூபோட உச்சி வரைக்கும் நேர் மேல எவ்வளவுங்கறது ஸ்டாக், அதே ரெண்டு புள்ளிக்கு நடுவுல முன்பக்கமா எவ்வளவுங்கறது ரீச். இப்ப ஓட்டற சைக்கிள்ல உடம்பு ஒத்துக்கிட்ட அளவ எழுதி வச்சுக்கிட்டு ஒப்பிடுங்க. அப்புறம் அந்த ஸ்டெம் கதை. இப்ப வர்ற ரேஸ் மாடல்கள்ல பிரேக் ஆயில் போற ஹோஸெல்லாம் ஹேண்டில்பாருக்குள்ளயே ஓடி, ஹேண்டில் திரும்பற பேரிங்கான ஹெட்செட் வழியா இறங்குது, பல மாடல்ல ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டு, மாத்தணும்னா ஹோஸக் கழட்டி மறுபடி கோத்து, உள்ள புகுந்த காத்த வெளியேத்த ஆயில் ப்ளீட் பண்ணணும். "மாத்திக்கலாம்"னு வாயால சொல்றது ஈஸி.

கேள்வி: டி700, டி800, டி1000னு போட்டிருக்காங்களே, நம்பர் பெருசா இருந்தா ஃப்ரேம் நல்லதா?

பதில்: அது ஜப்பானோட டோரே கம்பெனி தன்னோட கார்பன் நூலுக்கு வச்ச பேரு, ஃப்ரேமுக்கு மார்க் இல்ல. இன்னொரு வேடிக்கை, விறைப்புனு பாத்தா டி800-உம் டி1000-உம் ஒண்ணுதான், ரெண்டுமே 294 கிகாபாஸ்கல், டி700 230. டி1000-ல ஏறினது அறுபடாம தாங்கற பலம். கார்பன் நூல் அதோட நீளவாக்குல மட்டும்தான் பலசாலி, குறுக்கால இழுத்தா நூல்கள ஒட்டிப் பிடிக்கற பசையான ரெசின்தான் தாங்கணும், அதனால எந்த இடத்துல எத்தன ஷீட்ட எந்தக் கோணத்துல அடுக்கினாங்கங்கறதுலதான் ஃப்ரேமோட தலையெழுத்தே இருக்கு. துணி நல்ல துணிதான், தச்சது யாருனு பாக்க வேணாமா?

கேள்வி: பழைய கார்பன் ஃப்ரேம் ஒண்ணு கிடைக்குது, பாக்கப் புதுசு மாதிரி இருக்கு. வாங்கலாமா?

பதில்: பாக்கப் புதுசா இருக்கறதுதான் எனக்கு பயம். அலுமினியம் அடிபட்டா ஒடுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள்ள அடுக்கு விட்டுப்போயிருக்கும், மேல பெயின்ட் பளபளனு இருக்கும். நாணயத்தால மெதுவா தட்டிட்டே வாங்க, திடீர்னு ஒரு இடத்துல சத்தம் மங்கினா சந்தேகப்படுங்க, ஆனா சத்தம் நல்லாருக்குங்கறதால ஃப்ரேம் நல்லதுனு முடிவு பண்ணிடாதீங்க, அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாக்கறவங்க இருந்தா காட்டிடுங்க. முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கற ஃபோர்க்க வெளிய எடுத்து, அதோட மேல் பக்கம் ஹெட் ட்யூபுக்குள்ள போற ஸ்டீரர் குழாயப் பாக்காம வாங்கவே கூடாது, ஓடும்போது அது உடைஞ்சா முகம்தான் தரையில. சீட் போஸ்ட் இறுகிப் போகாம மேல கீழ நகருதானும் பாருங்க, கார்பனும் அலுமினியமும் வேர்வைல சேந்து கிடந்தா அலுமினியம் அரிச்சு உள்ளயே இறுகிடும். விக்கறவர் ஃபோர்க்கக் கழட்ட விடலைனா நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க.

கேள்வி: ரிம் பிரேக்கா, டிஸ்க்கா?

பதில்: டிஸ்க். ரிம் பிரேக் சக்கரத்தோட விளிம்பயே கவ்வறதால, கார்பன் ரிம்ல நீண்ட இறக்கத்துல பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம் சூடேறும், டிஸ்க்ல அந்தக் கவலை இல்ல, 28 மில்லிமீட்டர் டயர் போடவும் இடம் இருக்கும். டயரப் பிடிக்க ரிம் ஓரத்துல கொக்கி இல்லாத ஹூக்லெஸ் வீல்னா காத்தழுத்தம் 5 பாருக்கு (bar) மேல போக அடிக்காதீங்க.

கேள்வி: வீட்லயே சீட் உயரத்த சரி பண்ணிக்கலாமா?

பதில்: தாராளமா, ஆனா முறுக்கற பலத்த அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் இல்லாம தொடாதீங்க. கிளாம்ப் மேலயே எத்தன நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கும், பல ஃப்ரேம்ல 5 கிட்ட. கார்பன் போஸ்ட்டுக்கு கிரீஸ் வேணாம், மணல் மாதிரி நறநறனு இருக்கற கார்பன் பேஸ்ட் தடவுங்க, கம்மியா முறுக்கினாலே வழுக்காம நிக்கும். ரிப்பேர் ஸ்டாண்டுல மாட்டறப்ப போஸ்ட்டப் பிடிக்க விடுங்க, ஃப்ரேமோட மேல் குழாயான டாப் ட்யூபப் பிடிச்சு இறுக்கினா நசுங்கிடும்.